சாலை போகாத ஆற்றில் வெள்ளி சால்மன்

ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பிடுவதையே நிறுத்திவிடும் ஒரு மீன், தூண்டிலை மட்டும் ஏன் கவ்வுகிறது? கடலிலிருந்து திரும்பும் சால்மனுக்கு வயிறு சுருங்கிவிடும். உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்தே எதிர்நீச்சல் போட்டு, மேலே போய் முட்டையிட்டு, செத்துப்போகும். அதற்கு இரை தேவையே இல்லை. ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தில் அலாஸ்காவின் ஒரு மடுவில், இளஞ்சிவப்பு இறகு கட்டிய முள்ளை வெள்ளி சால்மனின் முன்னால் இழுத்தால் பாய்ந்து வந்து கவ்வுகிறது. அந்தப் பாய்ச்சலை நம்பித்தான் சாலையே இல்லாத இடங்களில் லாட்ஜுகள் நடக்கின்றன. ஒரு வாரம் மீன் பிடிப்பதற்காகப் பல ஆயிரம் டாலர் செலவழித்து, சின்ன விமானத்தில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்ச் சந்தையில் சிலர் இந்தியன் சால்மன் என்று சொல்லி விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சு நிறத்தில் துண்டு போட்டு வைத்திருப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த அட்லாண்டிக் சால்மன். அலாஸ்கா ஆறுகளுக்குள் வருவது பசிபிக் சால்மன், அதில் ஐந்து வகை: கிங், சாக்கை, சம், பிங்க், கோஹோ. இந்தக் கோஹோவைத்தான் அதன் பளபளப்புக்காக சில்வர், அதாவது வெள்ளி சால்மன் என்கிறார்கள். வளர்ந்த மீன் பொதுவாக மூன்றரையிலிருந்து ஐந்தரை கிலோ இருக்கும். சிறிய கிங் சால்மனும் கோஹோவும் ஒரே மாதிரி தெரியும். அப்போது வாயைத் திறந்து ஈறைப் பார்ப்பார்கள். கிங்கின் ஈறு கறுப்பு, கோஹோவின் ஈறு வெளுப்பு. வாலின் மேல்பாதியில் மட்டும் கரும்புள்ளி இருந்தால் கோஹோ, வால் முழுக்க இருந்தால் கிங். கிங் பிடிக்கத் தடை இருக்கும் நாளில் இந்த வித்தியாசம் தெரியாமல் மீனை எடுத்துவைத்தால் அது சட்ட மீறல். கைடு முதல் நாளே இதைக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

சரி, கேள்விக்கு வருவோம். விடையின் பெரும்பகுதி இந்த மீனின் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிங்க், சம் குஞ்சுகள் சரளைக்கல்லுக்குள் இருந்து வெளிவந்த கொஞ்ச காலத்திலேயே கடலுக்குப் போய்விடும். சாக்கை குஞ்சுகள் பெரும்பாலும் ஏரியில் தங்கி, தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரிகளைத் தின்று வளரும். கோஹோ குஞ்சு அப்படியில்லை. ஒன்று முதல் மூன்று குளிர்காலம் வரை ஆற்றின் கிளையோடைகளிலும், பீவர் என்ற விலங்கு அணைகட்டித் தேக்கிய குட்டைகளிலும் இருக்கும். ஒரு முழ இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற மற்ற குஞ்சுகளை விரட்டும். ஓட்டத்தில் அடித்துவரும் பூச்சியைப் பாய்ந்து கவ்வும். அப்புறம் கடலில் சுமார் ஒன்றரை ஆண்டு. திரும்பி வரும்போது பசி போயிருக்கிறது, ஆனால் எதிரே வருவதை விரட்டும் அந்தச் சுபாவம் போகவில்லை. சாக்கை சால்மன் தூண்டிலை அவ்வளவாகச் சீண்டாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விளக்கம் இன்னும் பொருந்துகிறது.

சிறு வயதில் அமைதியான தண்ணீரில் வளர்ந்த மீன், பெரிதானதும் அதே மாதிரியான இடத்தைத்தான் தேடிப் போகிறது. கிங் நடு ஆற்றின் ஆழமான ஓட்டத்தில் நிற்கும். சாக்கை கரையோரமாக வரிசைகட்டி மேலே போய்க்கொண்டே இருக்கும். வெள்ளி சால்மனோ ஓட்டத்தை விட்டு விலகி, மரம் விழுந்து தேங்கிய மூலை, கிளையோடை வந்து சேரும் வாய், மணல்திட்டுக்குப் பின்னால் சுழன்று நிற்கும் நீர் என்று ஓய்வெடுக்க ஒதுங்கும். கைடுகள் இதைத் தவளைத் தண்ணீர் என்று சொல்வார்கள், தவளை குடியிருக்கிற மாதிரி அசையாத தண்ணீர் என்ற பொருளில். புதிதாக வருகிறவருக்கு அந்த இடம் மீன் இருக்கும் இடமாகவே தோன்றாது. பளிங்கு மாதிரி ஓடும் நடு ஆற்றை விட்டுவிட்டு, ஏன் இந்தக் கலங்கலான மூலையில் படகை நிறுத்துகிறார் என்று நினைப்பார். கொஞ்ச நேரம் பார்த்தால் தண்ணீரின் மேற்பரப்பு ஓரிடத்தில் மட்டும் நடுங்குவது தெரியும். ஒரு முதுகு புரளும். அம்பு முனைபோல ஒரு கோடு நகரும். அங்கே நூறு மீன் நிற்கலாம்.

கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்தக் கண்ணுக்குத்தான் என்பேன். நேற்று இருந்த மடுவில் இன்று மீன் இருக்காது. மழை பெய்து ஆறு அரை அடி ஏறினால் கீழே காத்திருந்த கூட்டம் ஒரே இரவில் பல கிலோமீட்டர் மேலே போய்விடும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓதம் ஏறும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும், ஒவ்வோர் ஏற்றத்தோடும் புது மீன் உள்ளே வரும். மேகமூட்டமான காலையில் தண்ணீரின் மேலே வந்து கவ்வும் மீன், வெயில் ஏறியதும் அடியில் போய் வாயை மூடிக்கொள்ளும். மீனின் உடலில் கடல் பேன் ஒட்டியிருந்தால், அது உப்புத் தண்ணீரை விட்டு ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது என்று கைடு சொல்லிவிடுவார்.

பிடிக்கும் முறை அப்படி ஒன்றும் கடினமில்லை. சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர், கரண்டி போன்ற ஸ்பூன், முயல் தோல் பட்டை கட்டிய செயற்கை ஈ என்று எதையும் கவ்வும். பல ஆறுகளில் உயிருள்ள இரையோ, மீன் சினையோ கோர்க்கக் கூடாது, ஒற்றை முள் மட்டும்தான் என்று விதி இருக்கிறது. வீசி, மூழ்கவிட்டு, சின்னச் சின்னதாக இழுத்து இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கவ்வும். மான் முடியில் செய்த இளஞ்சிவப்பு மிதவை ஈயைத் தண்ணீரின் மேலேயே தத்தித் தத்திப் போகவிட்டால், பின்னாலேயே அலையெழுப்பிக்கொண்டு துரத்தி வரும். அதைப் பார்ப்பதற்காகவே வருடா வருடம் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு ஓர் ஆற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தென்மேற்கு அலாஸ்காவின் கனெக்டோக் ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். அஹ்க்லுன் மலைகளில் உள்ள ககாட்டி ஏரியில் தொடங்கி மேற்கே ஓடி, குவின்ஹகாக் என்ற யூப்பிக் பூர்வகுடிக் கிராமத்தின் பக்கத்தில் குஸ்கோக்விம் விரிகுடாவில் சேர்கிறது. மேல்பகுதி டோகியாக் தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள் இருக்கிறது. ஆங்கரேஜிலிருந்து பெத்தல் ஊருக்கு ஜெட் விமானம். பெத்தலுக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. அங்கிருந்து சின்ன விமானத்தில் கிராமத்தின் மண் ஓடுதளம். அப்புறம் படகு. மேலே இருந்து தொடங்குகிறவர்களை மிதவை விமானம் ஏரியிலேயே இறக்கிவிடும், ஒரு வாரம் காற்றடைத்த படகில் மிதந்தபடி கீழே வருவார்கள். பிரிஸ்டல் விரிகுடா பக்கத்து லாட்ஜுகளில் இன்னும் டி ஹாவிலண்ட் பீவர் விமானங்களைப் பார்க்கலாம். 1947இல் முதலில் பறந்து, 1967இல் உற்பத்தி நின்றுபோன விமானம் அது. மூடுபனி இறங்கினால் எந்த விமானமும் பறக்காது. ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பதெல்லாம் சாதாரணம்.

லாட்ஜ் என்றதும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து நாலு மாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். சில இடங்களில் மரவீடுகள், சில இடங்களில் மரத்தளத்தின் மேல் கனமான கூடாரங்கள். ஜூனில் திறந்து செப்டம்பரில் மூடிவிடுவார்கள். எரிபொருள், அரிசி, உருளைக்கிழங்கு, படகின் உதிரிப் பாகம் எல்லாம் விமானத்திலோ சரக்குப் படகிலோ வர வேண்டும். ஓர் எஞ்சின் கெட்டால் மாற்று எஞ்சின் கையில் இருக்க வேண்டும், கடைக்கு ஆள் அனுப்ப முடியாது. ஆழமில்லாத ஆறு என்பதால் விசிறி வைத்த எஞ்சினுக்குப் பதிலாக, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் எஞ்சின் படகு. வழக்கமாக ஒரு கைடுக்கு இரண்டு விருந்தினர். கட்டணம் ஏன் அவ்வளவு என்பதற்கு விடை இந்த ஏற்பாடுகளில் இருக்கிறது, மீனின் விலையில் இல்லை.

மீனை லாட்ஜ் விற்கவே முடியாது. ஸ்காட்லாந்தில் பல ஆறுகளில் சால்மன் பிடிக்கும் உரிமை தனியார் சொத்து, விலைக்கு வாங்கலாம், குத்தகைக்கு விடலாம். அலாஸ்காவில் அது நடக்காது. 1959இல் மாநிலமானபோது நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு, மீன் மக்கள் எல்லோருக்கும் பொது என்றும், குறைந்துபோகாத அளவில்தான் பிடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. டப்பா மீன் கம்பெனிகள் கரையோரங்களில் பெரிய மீன்பொறிகளை வைத்து சால்மனை வாரிக்கொண்டிருந்தன. மீன் வரத்து விழுந்து, 1953இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் சால்மனை நம்பியிருந்த ஊர்களைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்க வேண்டிவந்தது. மாநிலமானதோடு அந்தப் பொறிகள் ஒழிந்தன. இன்று மாநில மீன்வளத் துறை, எத்தனை மீன் முட்டையிட மேலே போக வேண்டும் என்று முதலில் கணக்கு வைக்கிறது. தடுப்பு வேலி, கோபுரம், ஒலியலையால் மீனைக் கண்டறியும் சோனார் என்று ஆற்றுக்கு ஏற்ற வழியில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் சீசனின் நடுவிலேயே அவசர உத்தரவு போட்டு ஆற்றை மூடிவிடலாம். பணம் கட்டி வந்தவர் கரையில் நிற்கிறார் என்பதற்காக அந்த உத்தரவு மாறாது, மாறவும் கூடாது.

சாலை இல்லாதது விருந்தினருக்குச் சிரமம், மீனுக்கோ அது உயிர். இதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. சியாட்டில் பக்கத்து நகர ஓடைகளில் மழை பெய்த சில மணி நேரத்துக்குள் கோஹோக்கள் தடுமாறி, வாயைப் பிளந்து, முட்டையிடாமலே சாவதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம் 2020இல் தெரிந்தது. கார் டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. தேய்ந்த டயர்த் தூள் மழைநீரோடு ஓடையில் கலந்தால், மிக மிகக் குறைந்த அளவிலேயே கோஹோ செத்துவிடுகிறது. அதே ஓடையில் இருக்கும் சம் சால்மனுக்கு அந்த அளவில் பாதிப்பு தெரிவதில்லை. கலிஃபோர்னியாவின் மத்தியக் கரையில் கோஹோ இன்று அழியும் நிலையில் உள்ள இனமாகச் சட்டப்படி பட்டியலில் இருக்கிறது. அங்கே அணை, மரவெட்டு, வறட்சி என்று வேறு காரணங்கள். பிடிபட்டதிலேயே மிகப் பெரிய கோஹோ என்ற உலகச் சாதனை 1989இல் நியூயார்க் மாநிலத்தின் ஓர் ஆற்றில் பதிவானது, சுமார் 15 கிலோ. பெரிய ஏரிகளில் மனிதர் கொண்டுபோய் விட்ட இனத்தின் வாரிசு, உப்புக் கடலையே பார்க்காத மீன். ஆக, கோஹோவை வேறு இடத்தில் வளர்த்துவிட முடியும். கனெக்டோக் போன்ற ஆற்றைத்தான் வேறு இடத்தில் உண்டாக்க முடியாது.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டு மீன்பிடிப்பில் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுவது உயர்ந்த பழக்கம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு நாளில் முப்பது பிடித்தோம், நாற்பது பிடித்தோம், எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளி சால்மன் விஷயத்தில் இந்தப் பெருமையை அப்படியே ஏற்க முடியாது. ஆங்கரேஜுக்கு வடக்கே லிட்டில் சுசிட்னா ஆற்றில் நடந்து, 1993இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. தூண்டிலில் பிடித்து விட்ட கோஹோக்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆற்றின் மேல்பகுதியில் பிடித்து விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. முகத்துவாரத்தில் பிடித்து விட்டவற்றில் 69 சதவீதம் செத்தன. நூற்றுக்கு அறுபத்தொன்பது! ஓர் ஆற்றின் கணக்கு எல்லா ஆற்றுக்கும் அப்படியே பொருந்தாது என்பது சரிதான். முள் எங்கே குத்தியது, ரத்தம் வந்ததா, எப்படிக் கழற்றினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதைத் தள்ளிவைக்க முடியாது.

கடலிலிருந்து அப்போதுதான் வந்த மீனின் உடம்பு உப்புநீரிலிருந்து நன்னீருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. செதில் இளகி, கை பட்டாலே உதிரும். மேலே போகப் போகத் தோல் தடிக்கும், வெள்ளி மங்கிச் செம்மையேறும், ஆணின் தாடை கொக்கிபோல வளையும். உடம்புக் கொழுப்பு சினைக்கும் விந்துக்கும் போய்விடும், சதையின் ருசி குறையும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் பளபளவென்று இருக்கும் மீன்தான் சாப்பிட அருமையானது, விட்டால் அதிகம் சாவதும் அதுதான். மேலே சிவந்துபோன மீன் சமையலுக்கு அவ்வளவு உகந்ததல்ல, விட்டால் பெரும்பாலும் பிழைத்துப் போய் முட்டையிடும். அப்படியானால் கீழே பிடித்தால் எடுத்துக்கொண்டு, அனுமதித்த எண்ணிக்கை ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். விட்டு விளையாட விரும்பினால் மேலே போக வேண்டும். காலை முழுக்க முகத்துவாரத்தில் பளபளப்பான மீன்களைப் பிடித்துப் பிடித்து விட்டுவிட்டு, மாலையில் இரண்டை மட்டும் பெட்டியில் வைப்பது கணக்குப்படி மிக மோசமான வழி. கைடுகளில் நல்லவர் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். விருந்தினரின் மகிழ்ச்சியை நம்பி டிப்ஸ் வாங்கும் ஒருவர் அப்படிச் சொல்வது எளிதல்ல, அதனாலேயே அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

எடுத்துக்கொள்ளும் மீனிலும் வேலை இருக்கிறது. தலையில் ஓர் அடி, உடனே செவுளை வெட்டி ரத்தம் வடிய ஓடும் தண்ணீரில் கட்டிவைக்க வேண்டும். ரத்தம் தங்கினால் சதை கெடும். மாலையில் லாட்ஜில் துண்டாக்கி, காற்றை உறிஞ்சிய பையில் அடைத்து உறையவைத்து, கிளம்பும் நாளில் மெழுகு பூசிய அட்டைப் பெட்டியில் கொடுப்பார்கள். விடும் மீனென்றால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிட வேண்டும், படத்துக்காகத் தூக்கக் கூடாது.

அந்த 1993 ஆய்வின் கணக்கு வெளிவருவதற்கு முன்பே குவின்ஹகாக் போன்ற ஊர்களின் பெரியவர்கள் இதை வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உணவோடு விளையாடக் கூடாது என்பது யூப்பிக் மக்களின் நெறி. மீன் தன்னைத் தருகிறது, தந்ததை மரியாதையோடு ஏற்று உண்ண வேண்டும். முள்ளில் மாட்டி அலைக்கழித்துத் திரும்ப விடுவது அந்த மரியாதையைக் கெடுப்பது. 1980களில் விமானத்தில் வந்து இறங்கிய தூண்டில்காரர்கள் கூடக் கூட, இந்த ஆற்றில் உரசல் வந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி நிலத்தில் பெரும்பங்கு, 1971ஆம் ஆண்டின் பூர்வகுடி நில உரிமைச் சட்டப்படி அமைந்த கிராம நிறுவனத்தின் கையில் இருக்கிறது. புகலிடத்துக்குள் தொழில் நடத்த எத்தனை கைடுகளுக்கு அனுமதி என்பதற்கும் வரம்பு உண்டு. வெள்ளி சால்மனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் கக்கீயக். கிங்கையும் சம்மையும் ஜூன், ஜூலையில் வெயிலில் காயவைத்துப் புகையிட்டுவிடலாம். கக்கீயக் வருவது ஆகஸ்டின் மழையில், சரியாகக் காயாது. அதனால் இதை அதிகமும் உறையவைத்தே குளிர்காலத்துக்குச் சேர்க்கிறார்கள்.

குஸ்கோக்விம் பகுதியில் 2010க்குப் பிறகு கிங் வெகுவாகக் குறைந்தது. 2021இல் சம் சரிந்தது. முன்பு மூன்று நான்கு வகை மீனில் பரவியிருந்த குளிர்கால உணவின் பாரம் இப்போது கடைசியாக வரும் வெள்ளி மீன்மேல் கூடுதலாக விழுகிறது. அந்த மீன் வரும் வாரங்களில்தான் லாட்ஜுகளும் நிரம்புகின்றன.

அதனால் யாராவது அப்படி ஒரு லாட்ஜுக்குப் போக நினைத்தால், பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை மீன் கிடைக்கும் என்பதல்ல. எங்கள் படகு கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும், எண்ணிக்கை முடிந்த பிறகு மீதி நாளில் என்ன செய்வீர்கள், நிலம் யாருடையது, கிராமத்து ஆட்கள் உங்களிடம் வேலை செய்கிறார்களா என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு, மேலே போய் டாலி வார்டன், வானவில் டிரவுட் மீன்களைப் பார்ப்போம் என்று பதில் வந்தால் அது நல்ல அறிகுறி. ஆகஸ்ட் கடைசியில் அந்த மீன்கள், முட்டையிடும் சால்மனுக்குப் பின்னாலேயே வாய் திறந்து நிற்கும். ஓட்டத்தில் உருண்டுவரும் சினை முத்துகளைத் தின்பதற்காக.